இரண்டாவது பந்தை எங்கே வைப்பது? பாக்கெட் இல்லாத உடையும் இடுப்பில் கட்டும் பந்துப் பையும்

டிவியில் டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். சர்வீஸ் போடப்போகும் வீரர் மூன்று பந்துகளை வாங்குவார், உற்றுப் பார்ப்பார், ஒன்றைத் திருப்பித் தட்டிவிடுவார். ஒன்று கையில், இன்னொன்று ஷார்ட்ஸ் பாக்கெட்டில். முடிஞ்சது வேலை.

அதே இடத்தில் ஒரு வீராங்கனை என்றால்? ஸ்கர்ட்டின் ஓரத்தை லேசாக விலக்கி, உள்ளே போட்டிருக்கும் இறுக்கமான ஷார்ட்ஸின் விளிம்பில் பந்தைச் செருகுவார். சிலர் முதுகுப் பக்கம் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை மாட்டி, அதில் பந்தைக் கவ்வ வைப்பார்கள். இதெல்லாம் ஸ்டைலுக்காக இல்லை. பல உடைகளில் பாக்கெட் கிடையாது, அவ்வளவுதான்.

இப்போ இதை நம்ம ஊருக்குக் கொண்டு வருவோம். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் விளையாட வரும் பெண்ணுக்குப் பந்து எடுத்துத் தர ஆள் இல்லை. லெக்கின்ஸிலும் பாக்கெட் இல்லை. பந்து, வண்டிச் சாவி, போன் மூன்றையும் எங்கே வைப்பது? ஆன்லைனில் தேடினால் பந்து கிளிப், பந்து பெல்ட், இடுப்புப் பை என்று வரிசையாக வருகிறது. எதை வாங்கலாம், எதை உள்ளூரிலேயே தைக்கலாம், விதிகள் என்ன சொல்கின்றன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரெண்டாவது பந்து ஏன் அவ்வளவு முக்கியம்?

டென்னிஸில் ஒரு புள்ளிக்கு இரண்டு சர்வீஸ் வாய்ப்பு. முதல் சர்வீஸ் தவறினால், தாமதம் இல்லாமல் அடுத்ததைப் போட வேண்டும் என்பது விதி. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே அதிகபட்சம் 25 விநாடிகள். கையில் ஒரே பந்து இருந்தால், ஒவ்வொரு தவறுக்கும் வலை வரைக்கும் ஓடணும்.

இடது கையிலேயே இன்னொரு பந்தைப் பிடித்துக்கொண்டு ஆடக் கூடாதா என்று கேட்கலாம். ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடிப்பவர்கள் சமாளித்துவிடலாம். ஆனால் இன்று பெரும்பாலானவர்கள் கற்பது இரட்டைக் கை பேக்ஹேண்ட். இரண்டு கையும் ராக்கெட்டைப் பிடிக்க வேண்டியிருக்கும்போது பந்துக்கு இடம் ஏது? ஆக, பந்து உடம்பில்தான் எங்கேயாவது இருந்தாக வேண்டும்.

கீழே போட்டுவைத்தால் இன்னும் மோசம். ஆடுகளத்துக்குள் உருளும் பந்தின் மேல் கால் பட்டால் கணுக்கால் பிரளும். பயிற்சியாளர்கள் ‘முதலில் பந்தை ஓரங்கட்டு’ என்று கத்துவது இதனால்தான்.

பாக்கெட் இல்லாதது யார் பிரச்சினை?

நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. தாத்தாவுக்கு வேட்டி மடிப்பு, பாட்டிக்கு இடுப்பில் செருகிய சுருக்குப் பை. வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் அதற்குள். உடையில் பாக்கெட் இல்லாவிட்டாலும் உடம்போடு ஒரு பை இருந்தது. சேலையிலிருந்து சுடிதார், லெக்கின்ஸ் என்று மாறியபோது மடியும் போனது, சுருக்குப் பையும் போனது. அதற்குப் பதிலாகப் பாக்கெட் மட்டும் வரவில்லை.

விளையாட்டு உடையிலும் இதே கதைதான். ஆண்களின் ஷார்ட்ஸில் பாக்கெட் இருப்பது சாதாரணம். பெண்களின் ஸ்கர்ட்டில் அழகும் வெட்டும் முதலில் வந்தன, பயன்பாடு பின்னால் நின்றது. உள்ளே போடும் ஷார்ட்ஸ்தான் பந்துக்கும் இடம் கொடுத்தது, உடம்புக்கும் பாதுகாப்புக் கொடுத்தது.

அந்த உள் ஷார்ட்ஸைச் சுற்றி ஒரு பெரிய விவாதமும் நடந்தது. விம்பிள்டனில் உள்ளாடை உட்பட எல்லாமே வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது கண்டிப்பு. மாதவிடாய் நாட்களில் அது எவ்வளவு மன உளைச்சல் என்று வீராங்கனைகள் வெளிப்படையாகப் பேசினார்கள். 2022 நவம்பரில் விதி தளர்த்தப்பட்டது. 2023 முதல், ஸ்கர்ட்டை விட நீளமாக இல்லாத வரை, அடர் நிற உள் ஷார்ட்ஸ் போடலாம். ஆடுபவர்கள் கேட்டால் உடை மாறும் என்பதற்கு இது ஒரு நல்ல சாட்சி. பாக்கெட்டும் அப்படிக் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றுதான்.

என்னென்ன வகை இருக்கு?

கிளிப்: இடுப்புப் பட்டியில் மாட்டும் பிளாஸ்டிக் வளையம். ஒரு பந்து பிடிக்கும். சீக்கிரம் எடுக்கலாம். ஆனால் மல்லாக்க விழுந்தால் அந்தப் பிளாஸ்டிக் முதுகில் குத்தும். அதனால் நடு முதுகில் மாட்டாமல், கொஞ்சம் பக்கவாட்டில் மாட்டுவது நல்லது.

எலாஸ்டிக் பெல்ட்: இடுப்பைச் சுற்றி இறுக்கமாக நிற்கும் பட்டை, அதில் ஒன்றிரண்டு பைகள். எந்த உடை மேலும் கட்டலாம். பெரும்பாலானவர்களுக்கு இதுவே வசதி.

பாக்கெட் வைத்த உள் ஷார்ட்ஸ்: தொடைப் பக்கம் பந்து நுழையும் பை தைத்திருக்கும். ஓடும்போது அசையாது. வியர்வையில் பந்தின் மேல்நார் ஈரம் பிடித்துக் கனக்கும் என்பது மட்டும் குறை.

ஏப்ரன் பை: பயிற்சியாளருக்கானது. வயிற்றுப் பக்கம் கட்டிக்கொண்டு, பல பந்துகளை அள்ளிப் போட்டு, ஒவ்வொன்றாக மாணவர்களுக்கு அடித்துக் கொடுக்கலாம். இதைக் கட்டிக்கொண்டு மேட்ச் ஆட முடியாது.

வலைப் பை: வாலிபால், கால்பந்து, கூடைப்பந்துக்கு. தோளில் குறுக்காக மாட்டுவது. வாலிபாலின் சுற்றளவு 65 முதல் 67 செ.மீ. வரை, 5-ம் எண் கால்பந்து 68 முதல் 70 செ.மீ. வரை. இதை இடுப்பில் கட்ட முடியாது. மைதானம் வரை கொண்டுபோக மட்டும்தான். டூவீலரில் போகிறவர்கள் ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். திருப்பும்போது பந்து இடிக்கும், வலை சிக்கும்.

பந்துப் பை கட்டிக்கொண்டு ஆடினால் விதிமீறலா?

இல்லை. ஆனால் நீங்கள் அணிந்திருக்கும் எதுவும் ஆட்டத்தின் கணக்கில் சேரும். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

டென்னிஸில், ஆட்டத்தில் இருக்கும் பந்து ராக்கெட்டைத் தவிர உங்கள் உடம்பிலோ நீங்கள் அணிந்திருக்கும் பொருளிலோ பட்டால் புள்ளி போச்சு. பந்துப் பையும் அதில் அடக்கம். அதே மாதிரி, பந்து ஆட்டத்தில் இருக்கும்போது உங்கள் பை வலையைத் தொட்டாலும் புள்ளி எதிராளிக்குத்தான். தொளதொளவென்று தொங்கும் பை ஏன் ஆபத்து என்று இப்போ புரியும்.

பையிலிருந்து பந்து நடுவில் விழுந்தால்? தவறுதலாக விழுந்து எதிராளிக்கு இடைஞ்சல் என்றால், அந்தப் புள்ளியை மறுபடி ஆடுவார்கள். திரும்பத் திரும்ப விழுந்தால் புள்ளியை இழக்கும் நிலை வரும். 20 அடி, 30 அடி ஆடி ஜெயிக்கப்போகும் நேரத்தில் பை கக்கிய பந்தால் எல்லாம் முதலிலிருந்து என்றால் எப்படி இருக்கும்!

இப்போது நகரங்களில் பரவிவரும் பிக்கிள்பால் இதில் இன்னும் கறார். அமெரிக்க விதிப்புத்தகத்தின்படி, கூடுதல் பந்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆட்டத்தின்போது அது எதிராளியின் கண்ணில் படக் கூடாது. ஆட்டத்தின் நடுவே அது களத்தில் விழுந்தால் ஃபால்ட். அங்கே திறந்த கிளிப்பைவிட மூடிய பைதான் சரி.

கிரிக்கெட்டில் மட்டையாளரின் தொப்பி கழன்று ஸ்டம்பில் விழுந்து பெய்ல்ஸ் சரிந்தால் ஹிட் விக்கெட். 1960-61 மெல்பர்ன் டெஸ்டில் வெஸ்ட் இண்டீஸின் ஜோ சாலமன் அப்படித்தான் அவுட் ஆனார். பந்து வீசியவர் ரிச்சி பெனாட். உடம்பில் சரியாக நிற்காத ஒரு பொருள் விக்கெட்டையே கொடுத்துவிட்டது.

கால்பந்தில் ஆபத்தான பொருள் எதையும் அணியக் கூடாது என்று விதியே இருக்கிறது. ராத்திரி டர்ஃபில் சாவிக்கொத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். மோதி விழும்போது அந்தச் சாவி உங்களைக் குத்தும், இல்லை எதிரே வந்தவரைக் குத்தும். சாவியும் போனும் களத்துக்கு வெளியே இருக்கும் பையில்தான் இருக்க வேண்டும்.

இதை இங்கேயே தைக்க முடியாதா?

தாராளமாக முடியும். ராஜபாளையம் பஞ்சும் நூலும் தெரிந்த ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் இந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. பக்கத்தில் சத்திரப்பட்டி என்றால் பேண்டேஜ் துணி. தளவாய்புரம், செட்டியார்பட்டி பக்கம் போனால் நைட்டி தைக்கும் தொழில். நைட்டியிலும் ஒரு காலத்தில் பாக்கெட் கிடையாது. போன் எல்லார் கைக்கும் வந்த பிறகு, பாக்கெட் வைத்த நைட்டி கடைகளில் சகஜமாகிவிட்டது. கேட்க ஆள் இருந்தால் பாக்கெட் வரும்.

டெய்லரிடம் கொடுக்க வேண்டிய அளவுகள் இதோ. டென்னிஸ் பந்தின் விட்டம் 6.54 முதல் 6.86 செ.மீ. வரை. சுற்றளவு சுமார் 21 செ.மீ. அதாவது, இரண்டு துணிகளை ஒன்றாக வைத்துத் தைக்கும் பைக்கு உள் அகலம் 11 செ.மீ. போதும். தையலுக்குப் பக்கத்துக்கு 1 செ.மீ., வாயில் எலாஸ்டிக் கோக்க 2 செ.மீ. சேர்த்தால், 13 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டு வெட்டணும்.

பெல்ட்டோடு சேர்த்து ஒட்டித் தைப்பதாக இருந்தால் கணக்கு மாறும். பின்துணி தட்டையாக உடம்போடு நிற்கும். முன்துணிதான் பந்தை வளைத்து வர வேண்டும். அதனால் முன்துணியை இன்னும் சில செ.மீ. கூடுதலாக வெட்டி, அடியில் சுருக்கு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

பிக்கிள்பால் கொஞ்சம் பெரிசு, விட்டம் 7.3 முதல் 7.55 செ.மீ. வரை. அதற்கு உள் அகலம் 12 செ.மீ. வேணும்.

கிரிக்கெட் பந்து பார்க்க டென்னிஸ் பந்து அளவுதான், சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. வரை. ஆனால் எடை? டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம், கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு. டென்னிஸுக்குத் தைத்த பையில் அதைத் திணித்தாலும் எலாஸ்டிக் தொங்கிப்போகும். ஓடும்போது இடுப்பு எலும்பில் இடித்துக்கொண்டே இருக்கும். தோல் பந்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடாதீர்கள். மைதானத்துக்குத் தூக்கிப்போக மட்டும் பை போதும்.

துணி விஷயத்தில், பேண்டேஜ் துணி இதற்கு ஒத்துவராது, இழை ரொம்ப லூஸ். தடிமனான பருத்தி பிடிப்பாக நிற்கும், ஆனால் வியர்வையைக் குடித்துக் கனக்கும். காற்றோட்டமான மெஷ் துணியில் பை, அகலமான எலாஸ்டிக்கில் பெல்ட் என்பது நல்ல சேர்க்கை. வாய்க்கு வெல்க்ரோ வைத்தால் டென்னிஸ் பந்தின் மேல்நாரைப் பிய்க்கும். எலாஸ்டிக் வாயே போதும்.

வாங்கும் முன் ஒரு சின்ன டெஸ்ட்

பந்தை உள்ளே வைத்துக் கட்டுங்கள். பத்து முறை குதியுங்கள். குனிந்து கால்விரலைத் தொடுங்கள். பக்கவாட்டில் நாலு எட்டு ஓடுங்கள். பந்து விழவில்லை, பெல்ட் நகரவில்லை என்றால் பாஸ். பிறகு, கண்ணால் பார்க்காமல் ஒற்றைக் கையால் பந்தை எடுத்துப் பாருங்கள். திணறினால் அந்தப் பை உங்களுக்கானது இல்லை.

பள்ளி, கல்லூரி, கிளப் அணிகளுக்கு மொத்தமாக உடை ஆர்டர் கொடுப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். பெண்கள் அணிக்கான ஆர்டரில் சைஸ், நிறம், முதுகில் நம்பர் என்று எழுதும் இடத்தில் ஒரு வரி சேருங்கள்: ‘வலது பக்கம் பாக்கெட், பந்து நுழையும் அளவு.’ தைக்கும்போதே வைத்தால் ஒரு துண்டுத் துணியும் ஒரு தையலும்தான் கூடுதல். அந்த வரியை எழுதும் அணிக்குக் கிளிப்பும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம்.