தாடைக்குள் நீர்க்கட்டி: எக்ஸ்ரேயில் ஏன் கறுப்பாகத் தெரிகிறது?

தூத்துக்குடிக் கடலில் குளித்தெடுத்த முத்து ஒவ்வொன்றும் சிப்பியின் சதைக்குள் ஒரு சிறு பையில் வளர்ந்ததுதான். நம் தாடை எலும்புக்குள்ளும் அப்படியொரு பை உருவாவதுண்டு. உள்ளே முத்துக்குப் பதில் நீர். சொத்தையால் உயிரிழந்த பல்லின் வேர்நுனியில் வரும், முளைக்காமல் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லைச் சுற்றியும் வரும். பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் படம் எடுக்க வேண்டியிருக்கிறது.

எலும்பிலுள்ள கால்சியம் எக்ஸ்ரே கதிரைத் தடுப்பதால் படத்தில் வெள்ளையாக விழும். நீர் அவ்வளவு தடுக்காது. அந்த இடம் கறுக்கும். கட்டி மெதுவாகப் பெருப்பதால் சுற்றியுள்ள எலும்புக்குத் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிவது அதனால்தான். ஆறுதல் தரும் கோடு அது. ஓரம் அரித்துக் கலைந்திருந்தால் மருத்துவர் முகம் மாறும்.

2019-இல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 7 வயதுச் சிறுவனின் வீங்கிய கீழ்த்தாடையை எக்ஸ்ரேயும் சி.டி.யும் எடுத்துப் பார்த்தார்கள். பைக்குள் நீர் இல்லை, பல் பல்லாக இருந்தது. அறுவை செய்து எண்ணியபோது 526! ஒடோன்டோமா என்னும் தீங்கற்ற கட்டி அது.

எல்லாக் கட்டியும் இப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்காது. தாடையை அரித்துப் பரவும் அமெலோபிளாஸ்டோமாவும் சில சமயம் நீர்க்கட்டி போலவே கறுப்பாகத் தெரியும். ஆகவே படத்தோடு நிறுத்தாமல், மருத்துவர் சொன்னால் திசுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.