கொய்யாக் கனியும் கண்ணாடிப் புட்டியும்

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது நம் முன்னோர் மொழி. சென்ற ஆண்டு எங்கள் மனையியல் மன்றத்தினர் பழங்களைப் புட்டியில் அடைத்துப் பாதுகாக்கும் முறையைக் கற்கத் தொடங்கியபோது எங்கள் நிலையும் அப்படித்தான் இருந்தது. புட்டி வெடித்துவிடுமோ? பழம் நஞ்சாகிவிடுமோ? பாகு முறிந்து மானம் போய்விடுமோ? இத்தனை அச்சங்களோடு அடுப்பங்கரைக்குள் நுழைந்த நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, எங்களைப் போன்று அஞ்சும் தோழியருக்கும் அன்னையருக்கும் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறோம்.

எங்கள் விடுதித் தோட்டத்தில் நான்கு கொய்யா மரங்கள் உள்ளன. பருவம் வந்தால் உண்பதற்கு ஆளில்லாத அளவுக்குக் காய்க்கும். அணிலும் கிளியும் தின்றது போக மீதி மண்ணில் விழுந்து அழுகும். இதைக் கண்ட மனையியல் சிஸ்டர், “இதை ஜெல்லியாக்கிக் கிறிஸ்துமஸ் அன்று முதியோர் இல்லத்திற்குக் கொண்டு போகலாமே” என்றார்கள். அந்த இல்லத்தில் இனிப்பு உண்ணத் தடையில்லாதவர்கள் 24 பேர். ஆளுக்கு ஒரு சிறு புட்டி என்று வாக்களித்துவிட்டோம். வாக்களித்த பிறகுதான் பயம் பிடித்தது!

முதலில் உணவு ஏன் கெடுகிறது என்பதை அறிந்துகொண்டோம். காற்றிலும் மண்ணிலும் கைகளிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா, ஈஸ்ட், பூசணம் ஆகியவை நிறைந்துள்ளன. பழத்தைச் சூடாக்கினால் அவை மடியும். சூட்டோடு காற்றுப் புகாமல் மூடிவிட்டால் புதியவை உள்ளே வர இயலாது. புட்டியில் அடைக்கும் கலையின் சாரம் இவ்வளவுதான். இம்முறையைக் கண்டவர் பிரான்சு நாட்டில் மிட்டாய் செய்துவந்த நிக்கோலா அப்பேர் என்பவர். கண்ணாடிப் புட்டிகளில் உணவை நிரப்பி, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் வேகவைத்துக் காட்டிய அவருக்கு 1810ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு 12,000 பிராங்க் பரிசளித்தது. வியப்பு என்னவென்றால், உணவு ஏன் கெடாமல் இருந்தது என்பது அவருக்கே தெரியாது! சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களைப் பற்றி விளக்கிய பின்னரே காரணம் புலப்பட்டது.

நம் பாட்டிமார்களும் இவ்வறிவியலில் சளைத்தவர்கள் அல்லர். மாவடுவில் உப்பும், எலுமிச்சை ஊறுகாயில் புளிப்பும், வற்றலில் வெயிலும் செய்கின்ற வேலை இதுதான். நுண்ணுயிர்களுக்குத் தேவையான நீரைக் குறைப்பது அல்லது அவை வாழ முடியாத புளிப்பை உண்டாக்குவது. ஜெல்லியில் சர்க்கரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பழத்தின் அமிலம் காவல் நிற்கிறது.

இனி, நாங்கள் மிகவும் அஞ்சிய செய்திக்கு வருவோம். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்றொரு பாக்டீரியா மண்ணில் வாழ்கிறது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத புட்டிக்குள் அவை முளைத்துக் கொடிய நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சுக்கு நிறமோ மணமோ இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அமில அளவைக் காட்டும் பி.எச். எண் 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இவ்வித்துகள் முளைக்கமாட்டா. ஆகவே அச்சத்திற்கு மருந்து புளிப்பே! கொய்யா, அன்னாசி, மாங்காய், நெல்லிக்காய் போன்றவை புளிப்புள்ளவை. பப்பாளி, வாழைப்பழம், நன்கு கனிந்த மாம்பழம் ஆகியவற்றில் புளிப்புப் போதாது. கணக்கறிந்து எலுமிச்சைச் சாறு சேர்க்காமல் அவற்றை அடைக்கலாகாது. காய்கறி, இறைச்சி போன்றவற்றுக்கு 121 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமூட்டும் தனி அழுத்தக் கலன் தேவை. முதன்முதலாக முயல்வோர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இப்பொழுது செய்முறையைக் காண்போம்.

முக்கால் பங்கு செங்காயாகவும் கால் பங்கு கனிந்ததாகவும் உள்ள கொய்யா ஒன்றரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். செங்காயில்தான் ஜெல்லியை உறையச் செய்யும் பெக்டின் மிகுதி. அடிபட்டதையும் புழு விழுந்ததையும் தள்ளிவிடுங்கள். நன்கு கழுவித் தோலோடும் விதையோடும் நறுக்கி, மூழ்கும் அளவு நீரும் இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து, அரை மணி நேரம் மெல்லிய தீயில் வேகவையுங்கள். பின்னர் சுத்தமான மெல்லிய துணியில் ஊற்றிக் கட்டித் தொங்கவிடுங்கள். சாறு தானாகச் சொட்ட வேண்டும். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். எங்கள் முதல் ஜெல்லி ஏரித் தண்ணீர் போல இருந்ததன் காரணம் இதுதான்!

வடிந்த சாறு ஒரு லிட்டருக்கு முக்கால் கிலோ சர்க்கரை சேர்த்து, அகன்ற பாத்திரத்தில் வேகமாகக் கொதிக்கவிட்டு, நுரையை எடுத்துக்கொண்டே இருங்கள். கரண்டியில் சிறிது எடுத்து ஆறவிட்டுச் சாய்த்தால், முதலில் சொட்டுச் சொட்டாக விழும். பதம் வந்ததும் இரண்டு சொட்டுகள் ஒன்றுசேர்ந்து தகடு போல் விழும். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ். ஒரே சமயத்தில் நிறையச் சாறு வைத்துக் காய்ச்சாதீர்கள், பதம் தவறும். நாங்கள் ஒவ்வொரு லிட்டராக, நான்கு தடவை காய்ச்சினோம். ஒரு தடவைக்கு 200 கிராம் புட்டிகள் ஆறு நிறைந்தன.

புட்டிகளை முன்னதாகவே பத்து நிமிடம் நீரில் கொதிக்கவைத்துச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த புட்டியைக் கொதிநீரில் இட்டால் விரிசல் காணும். நாங்கள் வாங்கிய 25 புட்டிகளில் ஒன்று முதல் நாளே ‘டப்’ என்று உடைந்து இப்பாடத்தைப் புகட்டியது. சூடான ஜெல்லியை மேலே கால் அங்குல இடம் விட்டு ஊற்றி, விளிம்பைத் துடைத்து, புதிய மூடியால் மூடுங்கள். பழைய மூடியின் ரப்பர் வளையம் ஒருமுறை அழுந்திவிட்டதால் மறுமுறை சரியாக ஒட்டாது. பிறகு அண்டாவின் அடியில் துணி விரித்துப் புட்டிகளை அடுக்கி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நீர் நிற்க, பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பதினைந்து நிமிடம் தேவை. அங்கே ஜெல்லியின் பதமும் 105 டிகிரி அன்று, 98 டிகிரிதான். ஜெல்லியின் மேல் மெழுகு ஊற்றும் பழைய வழக்கம் இன்று ஏற்கப்படுவதில்லை. இடுக்கு வழியே பூசணம் புகுந்துவிடும்.

புட்டிகளை வெளியே எடுத்துத் துணியின் மேல் வைத்து, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விட்டோம். ஆறும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து மூடி உள்வாங்க வேண்டும். ‘டக், டக்’ என்று ஒவ்வொன்றாக ஒலி எழுந்தபோது எங்கள் மகிழ்ச்சிக்கு அளவேயில்லை.

மறுநாள் மூடியின் நடுவில் விரலால் அழுத்திப் பார்த்தோம். 21 மூடிகள் அசையவில்லை. மூன்று மட்டும் மேலெழும்பி வந்தன. கிறிஸ்துமஸுக்கு நான்கே நாட்கள்! “அழுத்தி விட்டால் உள்ளேதான் போகிறது, யாருக்குத் தெரியும்?” என்று எங்களில் ஒருத்தி முணுமுணுத்தாள். உண்மையைச் சொன்னால், எங்கள் எல்லோர் மனத்திலும் அதுவே இருந்தது. சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை. “அந்த மூன்றும் எந்த மூன்று பாட்டிகளுக்குப் போக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டார்கள். எங்களால் ஒருவரையும் சொல்ல முடியவில்லை.

அந்த மூன்று புட்டிகளையும் அன்று மாலையே விடுதியில் ரொட்டியோடு உண்டு தீர்த்தோம். உடனே உண்டால் அதில் தீங்கில்லை. மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் தவறு. காலி புட்டிகளைக் கழுவி, மூன்று புதிய மூடிகள் வாங்கி, மரத்தில் எஞ்சியிருந்த கொய்யாவைப் பறித்து மீண்டும் அடுப்பு மூட்டினோம். இம்முறை துணியைப் பிழியவில்லை, புட்டி உடையவில்லை, கையும் நடுங்கவில்லை. குறித்த நாளில் 24 புட்டிகளும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் செய்த தேதியையும், திறந்தபின் குளிர்பெட்டியில் வைத்து உலர்ந்த கரண்டியால் எடுக்க வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டியிருந்தோம்.

தோழியரே, அச்சம் கெட்டதன்று. கைகளைக் கழுவவும், கடிகாரத்தைப் பார்க்கவும், மூடியை அழுத்திப் பார்க்கவும் அதுவே நம்மைத் தூண்டுகிறது. உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா மரம் இருந்தால், இந்தப் பருவத்தில் ஆறே ஆறு புட்டிகளோடு தொடங்கிப் பாருங்கள். மூடி ஒட்டாத புட்டியை மட்டும் பிறருக்குக் கொடுக்காதீர்கள். எங்களைப் போல் நீங்களே உண்டுவிடுங்கள்!

– மனையியல் மன்ற மாணவியர் சார்பில்,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி