சுவரிலிருந்து தொடங்கும் குடித்தனம்

ஜாகை மாற்றிக்கொண்டு புது வீட்டுக்குப் போகும் குடும்பங்களில் பெரும்பாலானவை முதலில் விசாரப்படுவது சாமான்களைப் பற்றித்தான். பீரோவை எந்த மூலையில் நிறுத்துவது, கட்டிலின் தலைமாடு எந்தத் திசையில் இருக்க வேண்டும், பழைய திரைகள் புது ஜன்னல்களுக்குப் பொருந்துமா என்ற ஆலோசனைகளிலேயே நாட்கள் கழிந்து, சாமான் வண்டி வாசலில் வந்து நிற்கும் தறுவாயில்தான், சுவருக்கு ஏதேனும் அடிக்க வேண்டாமா என்ற பிரஸ்தாபம் எழுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பீரோ இன்று பிடிக்காத மூலையிலிருந்து நாளை நகரும். சுவரோ, சாமான்கள் அதன்மேல் சாத்தப்பட்ட பிறகு, அடுத்தவர் குடிவரும் காலம் வரையில் யாரும் கை வைக்க முடியாததாகி விடுகிறது. வீடு காலியாக இருக்கும் அந்தச் சில தினங்கள் மறுபடி வாய்ப்பது அரிது. அவற்றைச் சுவருக்கே கொடுத்துவிட வேண்டும்.

நம் ஊர்களில் ஒரு குடித்தனம் காலி செய்து மறு குடித்தனம் வருவதற்குள் வீட்டுக்காரர் வெள்ளையடித்துக் கொடுப்பது வெகு காலமாக இருந்துவரும் சம்பிரதாயம். முன்பு இருந்தவர்களின் அடுப்புப் புகை, எண்ணெய் தேய்த்த தலைகள் சாய்ந்து சாய்ந்து விழுந்த கறை, குழந்தைகள் கரித்துண்டால் எழுதிப் பழகிய அட்சரங்கள், காலண்டர் தொங்கிய இடத்தில் மட்டும் வெளிறாமல் நின்ற சதுரம் ஆகிய இவ்வளவும் இரண்டு பூச்சுச் சுண்ணாம்பின் அடியில் போய் மறைய, வருகிறவர்களுக்கு வீடு புதிதாகப் பிறந்துவிடுகிறது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு முழுமையான மாறுதலைச் செய்யவல்ல பொருள் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆயினும், டப்பாவில் வரும் வர்ணங்கள் மலிந்துவிட்ட இக்காலத்தில் சுண்ணாம்பை ஏழ்மையின் அடையாளமாகக் கருதி ஒதுக்கும் வழக்கம் பரவிவிட்டபடியால், அது சுவரின்மேல் என்ன காரியம் செய்கிறது என்பதையே பலர் அறியாமற் போய்விட்டார்கள்.

மலையில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லாயினும், கழிமுகங்களிலும் கடற்கரையிலும் வாரிய கிளிஞ்சலாயினும், இரண்டும் ரசாயன ரீதியில் கால்சியம் கார்பனேட் என்னும் ஒரே வஸ்துதான். அதைக் காளவாயில் அடுக்கி ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், அதனுள் அடங்கியிருந்த கரியமில வாயு வெளியேறி, எடை குறைந்த வெள்ளைக் கட்டிகள் மிஞ்சுகின்றன. அவற்றின்மேல் தண்ணீர் விட்டவுடன் நெருப்பில்லாமலே தொட்டி கொதிக்கிறது. கட்டிகள் வெடித்துப் பொடிந்து நீறுகின்றன. இவ்வாறு நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துச் சுவரில் பூசினால், அது மெல்ல மெல்லக் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளிழுத்து, காளவாயில் தான் இழந்ததைத் திரும்பப் பெற்று, மறுபடியும் கல்லாகிவிடுகிறது. ஆகவே வெள்ளையடித்த சுவரின்மேல் இருப்பது, அந்த இடத்திலேயே உண்டான ஒரு மெல்லிய கற்படலம்.

இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால், பழைய வேலைக்காரர்கள் வற்புறுத்திய நியமங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும். சுவரை முதலில் நன்றாகத் துடைத்துத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும் என்றார்கள். ஈரம் இல்லாத இடத்தில் கல்லாகும் கிரியை நடைபெறாமல், சுண்ணாம்பு வெறும் பொடியாகவே நின்று, சாய்ந்தவர் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்காமல், மோர் பதத்தில் கரைத்து இரண்டு மூன்று பூச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். தடித்த பூச்சின் உட்புறத்துக்குக் காற்று எட்டுவதற்குமுன் மேற்புறம் சுருங்கி வெடித்துவிடும். கரைத்த சுண்ணாம்பை மெல்லிய துணியில் வடிகட்டுவார்கள். பிடிப்புக்காகச் சோற்றுக் கஞ்சியோ பசையோ சேர்ப்பார்கள். முதற்பூச்சை மேலும் கீழுமாகவும், அது உலர்ந்தபின் அடுத்ததைக் குறுக்காகவும் இழுப்பார்கள். அடிக்கும்போது சுவர் மங்கலாக, அழுக்கேறியது போலவே தோன்றும். இதைக் கண்டு கலங்கி மேலும் மேலும் பூசச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. பொறுத்திருக்க வேண்டும், ஈரம் உலர உலர வெண்மை தானாக எழும்பி வரும்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு கடுமையான காரம். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து உண்டாகக்கூடும் என்பதால், உத்தரத்துக்கும் மேற்சுவருக்கும் அடிக்கிறவர் கண்ணாடி அணியாமல் மட்டையைக் கையில் எடுக்கக் கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது. தெறித்துவிட்டால் தாமதமின்றி ஏராளமான தண்ணீரால் கழுவிக்கொண்டே வைத்தியரிடம் போக வேண்டும். இந்தக் காரத்தன்மையே வீட்டுக்குப் பெரிய ரட்சையாகவும் இருக்கிறது. பூஞ்சைக் காளானும் பலவகைக் கிருமிகளும் அதில் பிழைப்பதில்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது வீடு வீடாகச் சுண்ணாம்பு அடிக்கச் செய்ததும் இந்த நம்பிக்கையினால்தான். எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்பிய அந்த நோயைச் சுண்ணாம்பு தடுத்து நிறுத்திவிடவில்லை. எனினும் அழுக்கேறிய இருட்டறைகளைச் சுத்தப்படுத்த அதைவிட எளிய சாதனம் அன்று கைவசம் இருக்கவில்லை. காலப்போக்கில் பூச்சு முழுவதும் கல்லாகிவிடும்போது காரமும் தணிந்துவிடுகிறது. வருஷந்தோறும் புதுப்பித்த வழக்கத்துக்கு அழகு ஒன்றே காரணம் அன்று.

வருஷத்தில் அதற்கென்று தேர்ந்தெடுத்த காலத்தையும் பாருங்கள். மார்கழிக் கடைசியில், போகிக்கு முன்பாக, தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடுகளெல்லாம் வெள்ளை உடுத்துகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மழையில் ஊறிய சுவர்கள் மெல்ல உலர ஆரம்பித்து, அதே சமயத்தில் வெயிலின் உக்கிரம் இன்னும் ஏறாமல் காலைப் பனி கூட நீடிக்கிற அந்த நாட்களே, சுண்ணாம்பு நிதானமாகக் கல்லாவதற்கு உகந்த பக்குவம் உள்ளவை. சித்திரை வெயிலில் அடித்தால் ஈரம் அரைமணியில் பறந்துவிடும். ஐப்பசியில் அடித்தால் அடுத்த மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். பண்டிகைக்காக வெள்ளையடித்தார்கள் என்று சொல்வது வழக்கம். பருவமும் பண்டிகையும் இங்கே கைகோத்து நின்றன என்று சொல்வதே பொருந்தும்.

சுண்ணாம்பிலே எத்தனை உயர்ந்த சிற்ப வேலைப்பாடு சாத்தியம் என்பதை அறிய விரும்புகிறவர்கள் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தடவிப் பார்க்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பல நிலைகளில் அரைத்து, படலம் படலமாக ஏற்றி, இறுதிப் பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய அந்தச் சுவர்கள், தலைமுறைகள் கடந்தும் குளிர்ச்சியும் பிரகாசமும் குறையாமல் நிற்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த ஐரோப்பியர்கள் இங்குள்ள மாளிகைகளின் சுண்ணாம்புத் தூண்களைக் கண்டு பளிங்கென்றே மயங்கி எழுதியிருக்கிறார்கள். நாம் வாடகை வீட்டில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கைக்கெட்டிய இந்தப் பொருளை அற்பமாக நினைப்பதற்கு முன் அதன் குலப்பெருமையை அறிந்திருப்பது நலம்.

வெள்ளையோடு ஏதேனும் வர்ணமும் வேண்டும் என்று ஆசைப்படுவது இயற்கை. அங்கேதான் சுண்ணாம்பின் காரம் ஒரு சோதனை வைக்கிறது. புது வீட்டில் குடிபுகுகிறவர்களை வாசலில் நிறுத்தி ஆலம் சுற்றுகிறோம். மஞ்சள் கரைத்த நீரில் துளி சுண்ணாம்பு விழுந்தவுடன் அது செக்கச் செவேலென்று மாறிவிடுவதை நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிவார்கள். செடிகொடிகளிலிருந்து எடுக்கும் சாயங்களில் பல இப்படியே சுண்ணாம்பின் காரத்தில் நிறம் மாறுகின்றன, அல்லது சீக்கிரமே வெளிறிப் போகின்றன. மண்ணிலிருந்து கிடைக்கும் வர்ணங்களோ அசைவதில்லை. காவிக்கல்லும் மஞ்சள் மண்ணும் இரும்பின் கலப்பினால் நிறம் பெற்றவை. சுண்ணாம்போடு எத்தனை காலம் கூடியிருந்தாலும் நிறம் இழக்காதவை. கோயில் மதில்களில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை தீட்டியவர்கள், வர்ணங்களின் குணத்தை நன்கு ஆராய்ந்தே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். வீட்டின் உள்ளேயும், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை அடித்தால், துடைப்பம் பட்டும் கால் பட்டும் அழுக்காகும் பகுதி கண்ணுக்குத் தெரியாமல் அடங்கியிருக்கும்.

நீலத்தின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. வெள்ளைத் துணிக்குப் போடும் அதே சொட்டு நீலத்தை அல்லது நீலப் பொடியைச் சுண்ணாம்புத் தொட்டியிலும் சிறிது கலப்பார்கள். சுண்ணாம்பில் இயற்கையாக உள்ள மங்கிய மஞ்சள் சாயலை அது அடக்கி, கண்ணுக்கு அப்பழுக்கற்ற வெண்மையைக் காட்டுகிறது. சுவருக்கு உகந்தது பொடி நீலந்தான். ஆப்கானிஸ்தானத்தின் படக்ஷான் மலைகளில் கிடைக்கும் நீலக்கல்லை அரைத்து எடுத்த அந்த வர்ணம், ஒரு காலத்தில் ஐரோப்பிய ஓவியர்களுக்குப் பொன்னுக்கு நிகரான விலை கொடுத்தாலன்றிக் கிட்டாததாக இருந்தது. அதைச் செயற்கையாகத் தயாரிப்பவருக்கு 1824-இல் பிரான்ஸ் தேசத்துச் சங்கம் ஒன்று பரிசு அறிவித்தது. களிமண், சோடா, கந்தகம் முதலியவற்றைச் சேர்த்துச் சுட்டு அதைச் சாதித்த கிமே என்பவர் 1828-இல் பரிசைப் பெற்றார். அவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்த நிறம், இன்று மளிகைக் கடைப் பொட்டலத்தில் வந்து நம் சமையலறைச் சுவருக்கும் உதவுகிறது.

இனி, சுண்ணாம்பு பொருந்தாத சுவர்களையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்து வழவழப்பாக்கிய சுவரில் அது பற்றாது. தகடு தகடாக உரிந்து விழும். இக்காலத்து அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலான சுவர்கள் அப்படிப்பட்டவையே. அங்கே பட்டி பார்த்து, பிரைமர் கொடுத்து, எமல்ஷனையே புதுப்பிக்க வேண்டும். சிமெண்டுப் பூச்சு புதிதானால் நான்கு வாரமாவது உலரவிட்டுத்தான் தொட வேண்டும். நன்றாக இருக்கும் சுவராயின், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே பாதி புதுமை வந்துவிடும்.

ஆனால் பழைய தெருக்களில், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் இதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும். சிமெண்டு என்பது 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமை பெற்ற பிற்காலப் பொருள். 1904-இல் சென்னையில் தொடங்கிய நம் நாட்டின் முதல் சிமெண்டுத் தொழிற்சாலை கூடக் கிளிஞ்சலையே மூலப்பொருளாகக் கொண்டிருந்தது. அதற்கு முந்திய வீடுகளில் தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரின் நுண்ணிய துவாரங்கள் வழியே காற்றில் கலந்து போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சுவரைச் சிமெண்டாலும் பிளாஸ்டிக் வர்ணத்தாலும் மூடிவிட்டால், வெளியேற வழியற்ற ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு உள்ளேயே திரண்டு, வர்ணத்தைக் கொப்புளிக்கச் செய்து, காரையை மாவாக உதிர்க்கிறது. வருஷா வருஷம் விலை உயர்ந்த பெயிண்டை மாற்றி மாற்றி அடித்தும் அடிச்சுவர் பொறிந்துகொண்டே இருக்கிறதென்று வருந்துவோரின் வீடுகளில் பலவற்றுக்கு நோய் இதுதான். கூரை ஒழுகலையும் குழாய்க் கசிவையும் முதலில் நிறுத்தி, மூடிய பூச்சைக் கவனமாகச் செதுக்கி எடுத்து, சுண்ணாம்புக் காரையே பூசி, அதன்மேல் வெள்ளையடித்தால் சுவர் மறுபடி சுவாசிக்கும்.

பழைய கதவு, ஜன்னல், கம்பிகளைப் பொறுத்தவரையில் மிகுந்த ஜாக்கிரதை அவசியம். முற்காலத்து எனாமல் பெயிண்டுகளில் ஈயம் தாராளமாகச் சேர்ந்திருந்தது. 2016-இல் மத்திய அரசு வகுத்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது. அதற்கு முன்பு ஏறிய படலங்கள் கதவுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றை உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூள், தவழும் குழந்தைகளின் கை வழியாக வாய்க்குப் போய் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. நனைத்துத் தேய்ப்பதும், ஈரத் துணியால் தூளை ஒற்றி எடுப்பதும், வேலை முடியும் வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறிடத்தில் வைப்பதும் கட்டாயம் செய்ய வேண்டியவை. இதில் சிக்கனம் பார்க்கலாகாது.

இவ்வளவுக்கும் அவகாசம் வேண்டும். நம்மவர்களோ முதலில் பால் காய்ச்சும் நாளைப் பஞ்சாங்கத்தில் குறித்துவிட்டு, பிறகு வேலைக்காரரை அழைத்து, நாளைக் காலைக்குள் முடித்தாக வேண்டும் என்று துரத்துகிறார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? ஈரம் காயாத சுவரின்மேல் அடுத்த பூச்சை ஏற்றிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போகிறார். சுப தினத்தன்று பளிச்சென்றிருக்கும் சுவர் ஆடி மாதத்தில் பொறிகிறது. வீட்டைப் பேசி முடித்த அன்றே ஒரு கொத்தனாரையும் வெள்ளையடிக்கிறவரையும் அழைத்துச் சென்று ஓதம் எங்கே, ஒழுகல் எங்கே என்று காட்டி, வேலைக்கு எத்தனை நாள், காய்வதற்கு எத்தனை நாள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, அதற்கப்பால் வரும் நல்ல நாள் ஒன்றைச் சோதிடரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சாங்கத்தில் முகூர்த்தங்கள் நிறையவே இருக்கின்றன.