உலகங்களைப் படைப்போர் – 9: மந்திரத்துக்கும் ஒரு மூலம் வேண்டும்

மலையும் நதியும் மழையும் கணினிக்குள்ளே தாமாகவே இயங்குமாறு ஓர் உலகத்தை அமைக்கும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அத்தகைய உலகத்தில் மந்திர சக்தியைப் புகுத்த விழைகிறவனுக்கு நேரும் சங்கடம் கதாசிரியனுக்கு நேர்வதில்லை. தன் மந்திரவாதி எப்போது கோலை உயர்த்துவான், எப்போது சக்தி குன்றி நிற்பான் என்பதைக் கதாசிரியன் தானே நிர்ணயித்துக்கொள்கிறான்; சிமுலேஷன் விளையாட்டிலோ, ஒருமுறை விதியாக எழுதப்பட்டுவிட்ட மந்திரம், எழுதியவனுடைய பார்வைக்கு அப்பால், எண்ணற்ற பாத்திரங்களின் கையில், அவன் கனவிலும் கருதாத காரியங்களுக்கெல்லாம் பிரயோகமாகிவிடுகிறது. வெறுங்கையிலிருந்து சோற்றை வரவழைக்கும் வித்தையை யாதொரு நிபந்தனையுமின்றி வழங்கிவிட்டால், உழவும் களஞ்சியமும் பஞ்சமும், அவற்றைச் சுற்றி எழுந்த ராஜ்யங்களும் ஒருங்கே அர்த்தமற்றுப் போகும். பஸ்மாசுரன் பெற்ற வரம், அளித்தவர் யார் என்று பாராமல் அவர்மீதே பாயத் துணிந்ததல்லவா? கணினியில் எழுதிய விதிக்கும் அந்தத் தாட்சண்யமின்மை உண்டு.

மேஜை விளையாட்டுக்காரர்கள் இந்தப் பிரச்சினைக்கு வெகு நேர்த்தியான தீர்வுகளைக் கண்டிருந்தார்கள். 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் கதைகளைப் பின்பற்றி, மனனம் செய்த மந்திரம் ஒருமுறை உச்சரித்தவுடன் நினைவைவிட்டு அகன்றுவிடும் என்று வரம்பு கட்டியது. 1987-இல் தோன்றிய 'ஆர்ஸ் மேஜிகா'வோ, ஆக்கல், அறிதல், மாற்றல், அழித்தல், ஆளுதல் என்னும் ஐந்து வினைகளையும், நீர், தீ, உடல், மனம் முதலிய பத்துப் பொருள்களையும் இணைத்து மந்திரங்களை ஆக்கிக்கொள்ளும் ஓர் இலக்கணத்தையே வகுத்தது. என் மதிப்பீட்டில் இத்துறையின் மிக அழகிய கட்டமைப்பு அதுவே. ஆயினும் இவ்விரண்டிலும், சந்தேகம் எழுமிடத்தில் தீர்ப்புச் சொல்ல மனித நடுவர் ஒருவர் அருகே அமர்ந்திருந்தார். கணினி உலகில் அந்த ஆசனம் காலியாக இருக்கிறது.

டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் 2006 முதல் வெளியிட்டு வளர்த்துவரும் 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்னும் கணினி விளையாட்டு இங்கேதான் நம் கவனத்துக்கு உரியதாகிறது. ஆட்டம் தொடங்குமுன்பே பல நூற்றாண்டுச் சரித்திரத்தைத் தானே புனைந்துகொள்ளும் அவ்வுலகில், 2012-இல் அவர்கள் பிணங்களை எழுப்பும் மந்திரவாதிகளைச் சேர்த்தார்கள். மரண பயத்தால் மனம் பீடிக்கப்பட்ட ஒருவன் மரணத்தின் தெய்வத்தை உபாசிக்கிறான். தெய்வம் உயிர், சாவு ஆகியவற்றின் ரகசியம் பொறித்த கற்பலகையை அருள்கிறது. அவன் மூப்பும் பசியும் நீங்கியவனாய்க் கோபுரம் எழுப்பிச் சீடர்களைச் சேர்த்து, தான் கற்றதை நூலாகவும் எழுதி வைக்கிறான். அந்த நூலோ கைமாறும், தொலையும், களவும் போகும். ஆடுபவர் நடத்தும் குள்ளர் கோட்டையின் நூலகத்தை வந்தடைந்து, அதை வாசித்த குள்ளன் ஒருவனையே மந்திரவாதியாக்கிவிடவும் கூடும்! போரில் துண்டான கையும் தலையும்கூட எழுந்து தாக்குமாதலால், பிணங்களை எங்கே அப்புறப்படுத்துவது என்ற சாதாரண நிர்வாக விஷயம் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. மந்திரம் இங்கே சமயத்தோடும், கல்வியோடும், துப்புரவோடும் பிணைந்து, அவ்வுலகத்தின் மற்றொரு இயற்கை விதியாகவே இயங்குகிறது.

டார்ன் ஆடம்ஸ் இதனினும் ஆழமான திட்டமொன்றை நெடுங்காலமாக வெளிப்படையாகப் பேசி வருகிறார். உலகம் எவ்வாறு பிறந்தது என்ற சிருஷ்டிப் புராணத்தைக் கணினி முதலில் இயற்ற வேண்டும். அப்புராணத்திலிருந்தே அவ்வுலகுக்குரிய மந்திரம் பிறக்க வேண்டும். மந்திரமே இல்லாத உலகும் அதன் மூலம் சாத்தியமாக வேண்டும் என்பது அவர் கருத்து. இந்த வரிசையே சரியானதென்று நான் உறுதியாக நம்புகிறேன். நெருப்புருண்டை எத்தனை அடி தூரம் பாயும் என்ற கணக்கிலிருந்து தொடங்குகிறவர்கள், எத்தனை நுட்பமாக அதைச் செய்தாலும், ஆயுதப் பட்டியலொன்றில் வேறு பெயர்களைப் பொறிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்நெருப்பு யாருடையது, எதற்கு ஈடாக இரவல் பெறப்பட்டது, அதைத் திருப்பிக் கேட்பவர் யார் என்று தொடங்குகிறவரே உலகத்தைப் படைக்கிறார்.

அப்புராணங்களைக் கணினி இயற்றும் முறையை அடுத்த வாரம் விரிவாகக் காண்போம்.