இல்லாத அறையைக் கட்டியவர்

அணுகுண்டுப் போரை நடத்தும் இரகசிய அறை ஒன்றைத் திரையில் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட அறையை மக்கள் எவரும் கண்டதில்லை. ஆயினும் படம் பார்ப்போர் நம்ப வேண்டும். இதற்கு வழி காண்பவரே கலை இயக்குநர்.

இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் பிரிட்டனின் கென் ஆடம். 1921-இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகளின் கொடுமையினால் 1934-இல் இவர் குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. லண்டனில் கட்டடக் கலை பயின்ற இவர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து போர் விமானம் ஓட்டினார். எதிரியிடம் அகப்பட்டிருந்தால், ஜெர்மனியில் பிறந்தவர் என்பதால் துரோகியாகவே நடத்தப்பட்டிருக்கக்கூடும்.

போரின் நாசத்தை நேரில் கண்ட இவர், 1964-இல் வெளியான ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்துக்காக அந்தப் போர் அறையை அமைத்தார். முதலில் வரைந்தது இரண்டு அடுக்கு அரங்கம். மேல் அடுக்கில் யாரை உட்கார வைப்பது என்று இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதைத் தள்ளிவிட்டார். எனவே சாய்ந்த சுவர்களுடன் முக்கோண வடிவில் மீண்டும் வரைந்தார்.

ஏன் முக்கோணம்? நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையை அழுத்துங்கள், சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளைக் கட்டி அழுத்துங்கள்; அசையாது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவமும் மாறாது. குண்டு விழுந்தாலும் தாங்கும் பாதாள அறைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் ஏது?

அடுத்தது ஒளி. பெரிய வட்ட மேசைக்கு நேர் மேலே வளையமாக விளக்குகளைத் தொங்கவிட்டார். மேசையைச் சுற்றி எங்கு அமர்ந்தாலும் வளையம் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் இருக்கும். ஆகவே எல்லா முகங்களிலும் ஒரே அளவு ஒளி விழும். தூரம் கூடக் கூட ஒளி விரைவாகக் குறையுமல்லவா? சுவர்கள் இருளில் மறைந்தன. எல்லை தெரியாததால், சுமார் 130 அடி நீளமுள்ள அறை முடிவற்றதாகத் தோன்றியது. பளபளக்கும் கறுப்புத் தரையோ விளக்குகளைப் பிரதிபலித்து இருளை மேலும் ஆழமாக்கியது. உலகின் முடிவைப் பேசும் சில மனிதர்கள் அதனுள்ளே சின்னஞ்சிறியவர்களாகத் தெரிந்தார்கள். படம் சொல்ல வந்ததும் அதுதானே!

ஜேம்ஸ்பாண்டு படங்கள் பலவற்றுக்கும் இவர் அரங்கம் அமைத்தார். 1967-இல் வந்த படத்துக்கு எரிமலையின் உட்புறத்தையே கட்டினார். இரண்டு ஆஸ்கார் விருதுகள் பெற்ற இவர், 2016-இல் காலமானார்.

அடுத்த முறை படம் பார்க்கையில் நடிகரை மட்டும் பாராதீர்கள். ஒளி எங்கிருந்து வருகிறது, சுவர் எங்கே முடிகிறது என்றும் கவனியுங்கள். நம்மை நம்பவைக்கும் கணக்கு அங்கேதான் இருக்கிறது.