உத்தியோகமும் லட்சியமும்

நாஞ்சில் நாட்டு வாலிபன் ஒருவனை நோக்கி, உன் லட்சியம் யாது என்று வினவினால், பெரும்பாலும் ஓர் உத்தியோகத்தின் பெயரையே விடையாகக் கூறுகிறான். இன்ன பரீட்சை, இன்ன பதவி, இன்ன சம்பளம் என்பதோடு அவன் கனவு நின்றுவிடுகிறது. இதனை நாம் இகழவில்லை. வயலும் கடலும் வயிற்றுக்குப் போதாத வீடுகளில் மாதச் சம்பளம் பெருந்துணையே. ஆயினும் பதவி வேறு, லட்சியம் வேறு. இரண்டையும் ஒன்றென மயங்குவதால், பதவி கிட்டாதபோது வாழ்வே தோற்றதென்று மனமுடைவோர் பலர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

உதாரணத்தை வெகு தூரத்தில் தேட வேண்டுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ந் தேதி தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு மறு வருஷம், நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் சிவன். அரசாங்கப் பள்ளியில் தமிழிலேயே கற்ற அவர், 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் தலைவராக விளங்கியதை அறியாதார் இலர். ஆனால் வாலிபர்கள் அறிய வேண்டுவது வேறொன்று. வாழ்க்கையில் தாம் விரும்பியது விரும்பியபடி கிட்டியதில்லை என்று அவரே கூறியிருக்கிறார்.

அவர் பொறியியல் கற்க விரும்பினார். குடும்ப நிலை இடந்தரவில்லை. பட்டினி கிடந்து பார்த்தும் பயனில்லை. வீட்டுக்கு அருகிலிருந்த தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதமே படித்தார். பிறகு தந்தையார் நிலத்தை விற்றுச் சென்னை எம்.ஐ.டி.யில் சேர்த்தார். 1980-ல் விமானப் பொறியியலில் பட்டம் பெற்றும் உடனே தக்க வேலை அமையவில்லை; பெங்களூரில் மேற்படிப்பு. 1982-ல் விண்வெளி ஸ்தாபனத்தில் புகுந்தபோது செயற்கைக்கோள் நிலையத்தை நாடினார், கிடைத்தது திருவனந்தபுரம். அங்கும் ஒரு பிரிவை விரும்ப, பி.எஸ்.எல்.வி. ராக்கெட் திட்டத்தில் விடப்பட்டார்.

வேறொருவராயின் விதியை நொந்தே காலம் கழித்திருப்பர். அவரோ கையில் வந்த வேலையையே லட்சியமாக உயர்த்திக்கொண்டார். ராக்கெட்டின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டும் 'சித்தாரா' என்ற கணினி நிரலை வகுத்தவர்களில் அவரே முதன்மையானவர். வேறு வழியின்றிக் கற்ற கணிதம் வீண்போகவில்லை!

அதே மாவட்டத்து மேலக்காட்டுவிளையிலிருந்து 1984-ல் அந்த ஸ்தாபனத்தை அடைந்தவர் டாக்டர் நாராயணன். பணியில் சேர்ந்த பின்னரே காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1989-ல் முதுநிலைப் பட்டமும் 2001-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். அவர் தேர்ந்தது கிரையோஜெனிக் துறை. பூஜ்யத்துக்குக் கீழ் 253 டிகிரியில் குளிர்ந்த திரவ ஹைட்ரஜனை எரித்து ராக்கெட்டை உந்தும் வித்தை அது. 1993-ல் அமெரிக்காவின் நிர்ப்பந்தத்தால் ருஷ்யா அவ்வித்தையை நமக்குக் கற்பிக்க மறுத்தது. சுதேசி எஞ்சினோடு 2010-ல் ஏவிய முதல் ராக்கெட் வீழ்ந்தது. 2014 ஜனவரி 5-ந் தேதியே வெற்றி கிட்டியது. அவ்வெஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி, நாஞ்சில் நாட்டின் எல்லையை அடுத்தே நிற்கிறது. இத்துறையில் ஆண்டுக்கணக்கில் உழைத்த நாராயணன் 2025 ஜனவரியில் ஸ்தாபனத்தின் தலைவரானார்.

ஆயிரத்தில் ஒருவர்தானே தலைவராகலாம் என்பர். உண்மை, நாற்காலி ஒன்றே. எனவேதான் நாற்காலியை லட்சியமாகக் கொள்ளலாகாது என்கிறோம். 2019 செப்டம்பர் 7-ந் தேதி, சந்திரனை நெருங்கிய விக்ரம் கலம் இறுதிக் கட்டத்தில் தவறியபோது சிவன் கண்ணீர் விட்டதை நாடே கண்டது. 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியபோது தலைமைப் பதவியில் இருந்தவர் வேறொருவர். பதவியே லட்சியமாயின், அந்நாள் சிவனுக்கு உரியதன்று. சந்திரனை அடைவதே லட்சியமாயின், அது அவருடைய வெற்றியும் ஆகும். அவ்வேலையில் ஒரு திருகாணி முடுக்கியவனுடைய வெற்றியும் ஆகும்.

முடிவாகப் பெரியோர்க்கும் ஒரு வார்த்தை. உயர்ந்ததை எண்ணு என்று வாலிபனுக்கு உபதேசிப்பது சுலபம். ஆனால் ஒரு தகப்பனார் நிலத்தை விற்ற பிறகே ஒரு விஞ்ஞானி நமக்குக் கிடைத்தார் என்பதை மறக்கலாகாது. விற்க நிலமற்ற வீட்டுப் பிள்ளை என் செய்வான்? அவனுக்கு உபகாரச் சம்பளமும், நல்ல நூல்நிலையமும், பள்ளியில் பூட்டிக் கிடவாத விஞ்ஞானக் கூடமும் வேண்டும். அவற்றை அளிப்பது சர்க்காரின் கடமை. கேட்டுப் பெறுவது பொதுஜனங்களின் கடமை. வாலிபனின் கடமை, கதவொன்று அடைபட்டதும் திரும்பிவிடாமல், திறந்த கதவின் வழியே நுழைந்து அங்குள்ள வேலையைத் தன் பெருமைக்கு உரியதாக்குவது. இம்மூன்றும் கூடினால் நாஞ்சில் நாடு நெல்லோடு நிபுணர்களையும் விளைவிக்கும் என்பதில் ஐயமில்லை.