விலை ஏன் குறைந்தது?

ஆடி பிறந்ததும் ஊர்தோறும் ஜவுளிக் கடை வாசல்களில் தள்ளுபடி விளம்பரங்கள் ஏறிவிடுகின்றன. விவாகம், கிருகப்பிரவேசம் முதலிய சுபகாரியங்களை நம்மவர் பெரும்பாலும் ஆடியில் நடத்துவதில்லையாதலால், பட்டும் வேஷ்டியும் கேட்டு வருவோர் குறைந்து, சித்திரை வைகாசி முகூர்த்தங்களை உத்தேசித்துக் கொள்முதல் செய்த சரக்கில் ஒரு பகுதி அலமாரியிலேயே தங்கிவிட, பின்னால் வரும் தீபாவளிக்கு இடமும் ரொக்கமும் வேண்டிய வியாபாரி, தம் லாபத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தாவது பழைய சரக்கைக் கைமாற்றிவிட முற்படுகிறார். இது முற்றிலும் நியாயமான காரணம். ஆனால் ஆடிக்கென்றே தனியாகத் தருவித்த மட்டரகச் சரக்கும் அதே மேஜையில் கலந்து கிடப்பதுண்டு. உண்மையான மிச்சச் சரக்கில் ஓர் அளவு இருந்தால் மற்றோர் அளவு இராது. ஒரே மாதிரிச் சட்டை எல்லா அளவிலும் எல்லா வர்ணத்திலும் குவிந்து கிடக்குமானால், அது மிஞ்சியதன்று, மலிவு விற்பனைக்கென்றே தைத்தது என்று சந்தேகிக்க இடமுண்டு.

வாடகை, பள்ளிக்கட்டணம், மளிகை எல்லாம் போக மிஞ்சுவதைக் கொண்டு வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் துணி எடுக்க வேண்டிய குடும்பஸ்தர், எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்ப்பதற்கு முன் எதனால் குறைந்தது என்று விசாரிப்பாரானால், அவர் படும் ஏமாற்றத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதை விளக்கத் திருப்பூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே ரயில் நிலையத்துக்குச் சமீபத்தில் உள்ள காதர்பேட்டையில், வெளிநாட்டுக் கடைகளுக்கென்று தைத்த டீ-சர்ட்டுகளும் குழந்தைகளின் உடுப்புகளும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. அவை அங்கு வந்து சேரும் விதத்தை அறிந்தவருக்கே அவற்றை வாங்கும் சாமர்த்தியமும் வரும். அயல்நாட்டு வியாபாரி ஒருவர் 3,000 டீ-சர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தால், பின்னல், சாயம், வெட்டு, தையல் என்ற ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் சேதமாகும் என்பதை முன்னறிந்து, கம்பெனிக்காரர் சற்று அதிகமாகவே வெட்டித் தைக்கிறார். சேதம் குறைவாக இருந்துவிட்டால் அந்த அதிகப்படி மிஞ்சிப்போகிறது. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். இதில் குற்றம் ஏதும் இல்லை.

மற்றொரு வழி விசித்திரமானது. ஏற்றுமதிக்கு முன் சரக்கைப் பரிசோதிக்கிறவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, 3,000 உருப்படியில் 125-ஐ மட்டும் உருவி எடுத்துப் பார்க்கிறார்கள். வழக்கத்தில் அதிகம் கையாளப்படும் அளவுகோலின்படி, அந்த 125-இல் 7 வரை பழுதிருந்தால் சரக்கு முழுவதும் தேறும். 8 ஆகிவிட்டால் முழுவதும் தள்ளப்படும். தள்ளப்பட்ட சரக்கைக் கம்பெனிக்காரர் மறுபடி பொறுக்கிச் சீர்செய்து அனுப்பப் பார்ப்பார். அதற்குள் கெடு தவறி ஆர்டரே ரத்தாகிப்போனால், உள்ளூர்ச் சந்தையைத் தவிர அதற்கு வேறு போக்கிடம் இல்லை. அப்படி வந்த குவியலில் பத்தில் ஒன்பது மாசுமறுவற்றதாக இருப்பதும் சாத்தியமே. வெளிநாட்டில் பல மடங்கு விலைக்குப் போயிருக்க வேண்டிய நல்ல துணி, எளிய குடும்பத்துப் பிள்ளையின் மேனிக்கு வருவது எனக்கு மெய்யாகவே சந்தோஷம் தருகிற விஷயம்.

எனினும் பழுதைப் பொறுக்கி நீக்கும் பொறுப்பு இங்கே வாங்குகிறவருடையதாகிறது. உடுப்பை உட்புறம் வெளியாகத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித்துளையும் தையல் விட்ட இடமும் தெரியும். இரண்டு கைகளையும் உடலோடு சேர்த்து வைத்து நிறம் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டால் அது பழையபடி சுருங்க வேண்டும். பக்கத்துத் தையல் நேராக இறங்காமல் முன்புறம் சுற்றிக்கொண்டு வருமானால், சலவைக்குப் பின் அந்த முறுக்கு இன்னும் அதிகமாகும். எவ்வளவு மலிவானாலும் அதை வைத்துவிடுவதே உத்தமம். துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற கணக்கில், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். 140 என்றால் மெல்லியது, 180 தினசரி உபயோகத்துக்குத் தாங்கும். அளவுச் சீட்டில் உள்ள எழுத்து தேசத்துக்குத் தேசம் மாறுவதால் அதை நம்பாமல், உடலுக்குச் சரியாகப் பொருந்துகிற பழைய சட்டையொன்றின் மார்பகலத்தையும் உயரத்தையும் முன்கூட்டி அளந்துகொண்டு, கையில் ஓர் இஞ்சு டேப்புடன் போவது நல்லது. ஏற்றுமதிச் சரக்கில் கம்பெனிச் சீட்டைக் கத்தரித்துவிட்டு விற்பது வழக்கம். ஆகையால் சீட்டில்லாததைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. பேர்பெற்ற பிராண்டின் சீட்டு மினுமினுப்பாக ஒட்டியிருந்து விலை மட்டும் அடிமட்டமாக இருந்தால்தான் போலியென்று ஐயுற வேண்டும்.

லுங்கி, துண்டு, போர்வை, நைட்டி போன்றவற்றுக்கு ஈரோட்டின் கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயன்றும் நடக்கும் வாரச் சந்தை பிரசித்தமானது. மொத்த வியாபாரமே பிரதானம் என்பதால், இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி வாங்கினால் அனுகூலம்.

கோ-ஆப்டெக்ஸின் தீபாவளித் தள்ளுபடி வேறு ஜாதி. 1935-இல் பிறந்த இந்தக் கூட்டுறவு ஸ்தாபனம் கைத்தறித் துணிக்கு 30 சதவீதம் குறைக்கிறதென்றால், அதில் ஒரு பகுதியை அரசாங்கமே மானியமாக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே அந்தச் சலுகையை நெசவாளியின் கூலியைப் பிடித்துத் தருவதாக எண்ண வேண்டியதில்லை. காந்தி ஜயந்தியை ஒட்டித் தொடங்கும் கதர்த் தள்ளுபடியும் இவ்வகையைச் சேர்ந்ததே. மலிவுக்கு மலிவாகவும் தறிக்காரன் வீட்டு அடுப்பு எரிய உதவியாகவும் இருக்கிற இந்த இரண்டையும் நம் மக்கள் இன்னும் அதிகமாக நாட வேண்டும் என்பது என் ஆசை.

இனி, காரணமே இல்லாத மலிவு ஒன்று உண்டு. விலைச் சீட்டில் தொகையை உயர்த்திப் போட்டுப் பின் அடித்துக் காட்டுவதும், ஒன்று வாங்கினால் இரண்டு இனாம் என்று மூன்றின் விலையையும் முதலாவதில் ஏற்றிவிடுவதும் அவ்வகை. மொத்தத் தொகையை உருப்படியின் எண்ணிக்கையால் வகுத்து, அதே தரத்துத் துணி பக்கத்துக் கடையில் சாதாரண நாளில் என்ன விலை என்று ஒப்பிட்டால் உண்மை விளங்கும். வழக்கமான விலையைப் பற்றி ஜனங்களைத் தவறாக எண்ணச் செய்வது, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வியாபாரமே. ரசீது கொடுக்க மறுப்பதும் அப்படியே. பழுதான பொருளைத் திரும்பப் பெற ரசீதில் கெடு எதுவும் குறிப்பிடாவிடில், 30 நாளுக்குள் அதை ஏற்றுப் பணத்தைத் திருப்பித் தரக் கடைக்காரர் கடமைப்பட்டவர். மறுத்தால் 1915 என்ற எண்ணில் முறையிடலாம். நிறம் பிடிக்கவில்லை, அளவு போதவில்லை என்பவை இதில் சேரா. அவை கடையின் தாட்சண்யத்தைப் பொறுத்தவை. செகண்ட்ஸ் என்று சொல்லி, குறையைக் காட்டி விற்றதற்குப் பின்னால் அதே குறையைச் சொல்லி வழக்காடவும் முடியாது.

இந்த முப்பது நாளை உத்தேசித்தே, தள்ளுபடியில் எடுத்த துணியைப் பண்டிகை வரை பெட்டியில் பூட்டி வைக்காமல், வாங்கிய வாரத்திலேயே தனித்தனியாக நனைத்து நிழலில் உலர்த்திப் பார்த்துவிட வேண்டும். சாயம் போவதும் சுருங்குவதும் பெரும்பாலும் முதல் நனைப்பிலேயே தெரிந்துபோகும். ரசீது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.